காதால் பார்க்க வேண்டிய படம்



ஒரு திரைப்படம் திரையரங்கை விட்டு வீட்டுக்கு வரும்போது எதைக் கொண்டு வருகிறது, எதை வழியிலேயே தொலைத்து விடுகிறது? இந்தக் கேள்விக்குச் செலாயாங் வட்டாரத்தில் தனிப் பொருள் உண்டு. இங்குள்ள பசார் போரோங் எனப்படும் மொத்த வியாபாரச் சந்தையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஊர் உறங்கும் வேளையில் அங்கே லாரியிலிருந்து காய்கறி இறங்கும். ஊர் விழித்திருக்கும் நண்பகலில் அந்த வீடுகளில் யாராவது ஒருவர் உறங்கிக் கொண்டிருப்பார். கூடத்தில் தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடிக் கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வந்து சேர்ந்த ஒரு படத்தைத்தான் இன்று எடைபோட்டுப் பார்க்கப் போகிறோம்.

படத்தின் பெயர் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது. எஸ். ஹரீஷ் திரைக்கதை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. மம்முட்டி தாமே தயாரித்து நடித்தது. 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள அனைத்துலகத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, பார்வையாளர்களின் வாக்கில் விருது பெற்றது. 2023 ஜனவரியில் திரையரங்குக்கு வந்தது. அடுத்த மாதமே நெட்பிளிக்ஸ் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டும் இதற்கே.

கதையும் புதிரும்

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஒரு மலையாள நாடகக் குழு பேருந்தில் ஊர் திரும்புகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கண் அயர்கிறார்கள். குழுத் தலைவர் ஜேம்ஸ் திடீரென விழித்து, வயல்வெளி நடுவே பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்கிறார். ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். ஒரு வீட்டுக்குள் தன் வீடு போல நுழைகிறார். கைலியைக் கட்டிக் கொள்கிறார். மாட்டைக் கவனிக்கிறார். தமிழ் பேசுகிறார். அந்த வீட்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமல் போன சுந்தரமாகவே நடந்து கொள்கிறார். ஒரு பக்கம் ஜேம்ஸின் மனைவியும் மகனும் திகைத்து நிற்கிறார்கள். மறுபக்கம் சுந்தரத்தின் மனைவியும் மகளும் வாயடைத்துப் போகிறார்கள்.

இது ஆவியா, கனவா, நாடகக்காரரின் நடிப்பா? படம் விடை சொல்வதில்லை. முடிவை இங்கே சொல்வதும் முறையல்ல. தொடக்கத்தில் தங்கும் விடுதியில் ஒரு திருக்குறள் காட்டப்படுகிறது. சாவு உறக்கம் போன்றது, பிறப்பு விழிப்பு போன்றது என்பது அதன் கருத்து. படம் தருகிற ஒரே சாவி அநேகமாக அதுதான். மற்றதெல்லாம் பார்ப்பவர் பாடு.

பாதிப் படத்தைப் பாடும் தொலைக்காட்சிப் பெட்டி

இப்போது எடைபோடலாம். முதலாவது ஒலி.

இந்தப் படத்துக்குத் தனியாகப் பின்னணி இசை அமைக்காமல், கிராமத்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும் பழைய தமிழ்ப் பாடல்களையும் திரைப்பட வசனங்களையுமே படம் முழுக்க ஓடவிட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒலிக்கும் பாட்டு, தெருவில் நடப்பவரின் மனநிலைக்கு விளக்கவுரை போல அமைந்துவிடுகிறது. சுந்தரத்தின் தாய் கண்பார்வை அற்றவர். அவர் நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து கேட்டுக் கொண்டே இருக்கிறார். ஊரே வந்த ஆளைப் பார்த்துக் குழம்பும்போது, பார்க்க முடியாத அந்தத் தாய் அவரை மகனாகவே ஏற்றுக் கொள்கிறார். கண்ணுக்கு ஜேம்ஸ், காதுக்குச் சுந்தரம். புதிரின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

ஆகவே வீட்டில் பார்ப்பவருக்கு ஓர் ஆதாயமும் ஓர் ஆபத்தும் உண்டு. திரையரங்கில் பின்னால் இருந்து வரும் பாட்டு, வீட்டில் பக்கத்து அடுக்குமாடி வீட்டிலிருந்தே வருவது போலத் தோன்றும். கூடத்துத் தொலைக்காட்சியில் இன்னொரு கூடத்துத் தொலைக்காட்சி ஒலிப்பது இந்தப் படத்துக்குப் பொருத்தமான சூழல்தான். ஆபத்து என்னவென்றால், தட்டையான தொலைக்காட்சிப் பெட்டிகளின் சிறிய ஒலிபெருக்கிகளில் அருகும் தொலைவும் ஒன்றாகிவிடுகின்றன. மெல்ல ஒலிக்கும் வசனம் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துவிடும். சாதாரண ஒலிப்பான் ஒன்றை இணைத்தாலோ, காதொலிப்பான் வைத்துக் கேட்டாலோ படம் வேறாகத் தெரியும்.

இரண்டாவது படக்காட்சி. காமிரா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. ஆட்கள்தான் வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள், சந்து வழியாக மறைகிறார்கள். முன்னால் ஒருவர் அழும்போது தூரத்துத் திண்ணையில் இன்னொருவர் உறங்கிக் கொண்டிருப்பார். கைப்பேசித் திரையில் அந்தத் திண்ணை ஆள் ஒரு புள்ளி. நெட்பிளிக்ஸ் தரும் படத்தின் தெளிவு குறை சொல்லும்படி இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குறை நம்முடையது.

மொழி மாறும் நொடி

மூன்றாவது, முக்கியமானது, மொழி. ஜேம்ஸ் மலையாளம் பேசுகிறார். அதே வாய் சற்று நேரத்தில் கிராமத்துத் தமிழ் பேசுகிறது. ஒரு மனிதர் இன்னொருவராக மாறியதற்கு உடுப்பை விடப் பெரிய சான்று அந்தப் பேச்சு.

இதை எல்லாப் பாத்திரங்களும் ஒரே மொழி பேசும் குரல்மாற்றுப் பதிப்பாகக் கேட்டால் புதிர் அங்கேயே அவிழ்ந்து, இல்லை, அழிந்து போகும். மூல ஒலியோடுதான் பார்க்க வேண்டும். துணையெழுத்தை மட்டும் நம்பினாலும் இதே சிக்கல்தான். ஆங்கிலத்திலோ மலாயிலோ கீழே ஓடும் வரிக்கு இரண்டு மொழியும் ஒன்றே. மொழி மாறியது எழுத்தில் படாது, காதில்தான் விழும். இருமொழிப் படங்களுக்கு ஒரு மொழிக்கு ஒரு நிறம் என்று துணையெழுத்து போடுவது பெரிய வித்தையல்ல. வெளியிடுபவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

இந்நாட்டுத் தமிழர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி அல்ல. தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய தமிழரும், கிராணிகளாக வந்த மலையாளிகளும் ஒரே மண்ணில் வாழ்ந்தார்கள். தாத்தா மலையாளம் பேசி, அப்பா இரண்டும் பேசி, பிள்ளை தமிழ் மட்டும் பேசும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஒருவர் ஒரு மொழியில் உறங்கி இன்னொரு மொழியில் விழிப்பது அவர்களுக்குக் கற்பனைக் கதை அல்ல, மூன்று தலைமுறை வரலாறு. இன்றைய பிள்ளைகளில் பலர் தமிழ்ப் படத்தையே கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் தொடர்கிறார்கள். காது மெல்ல மெல்ல ஓய்வெடுக்கப் பழகிவிட்டது. அப்படிப் பழகிய வீட்டில் இந்தப் படம் ஓடினால், ஜேம்ஸ் எந்த நொடியில் சுந்தரமானார் என்பதே தெரியாமல் போய்விடும். அடுத்த அறையில் பேசும் பாட்டியின் தமிழும் அப்படித்தான் தெரியாமல் போகிறது.

துண்டாகாத கனவு

நான்காவது, முழுமை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், செலாயாங் கடைகளில் வீசிடி குவிந்து கிடந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தட்டில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். எனவே ஒரு தமிழ்ப் படம் இரண்டு, மூன்று தட்டுகளாக வரும். உச்சக்கட்டத்துக்கு முன்னால் எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டும். சண்டைப் படம் அதைத் தாங்கும். கனவு போன்ற படம் தாங்காது.

இதை நன்கு உணர்ந்தவர் அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச். அவருடைய 'முல்ஹாலண்ட் டிரைவ்' என்ற புதிர்ப் படம் 1999இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டப் பகுதியாகத்தான் எடுக்கப்பட்டது. ஏபிசி நிறுவனம் அதை வேண்டாம் என்றது. பிறகு பிரெஞ்சு முதலீட்டில் முழுப் படமாக வளர்ந்து, 2001 கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பகிர்ந்து தந்தது. 2002இல் அது டிவிடியாக வந்தபோது வாங்கியவர்கள் திகைத்தார்கள். காட்சிப் பிரிவுகளே இல்லை! பிடித்த இடத்துக்குத் தாவ வழியில்லை. தொடங்கினால் கடைசி வரை பார்க்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். அதே சமயம் உறைக்குள் பத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு தாளும் இருந்தது. தாவ விடமாட்டேன், தேட உதவுவேன் என்பது அதன் பொருள். லிஞ்ச் 2025 ஜனவரியில் காலமானார். வீட்டு வெளியீடும் ஒரு படைப்புதான் என்பதற்கு அந்த வட்டு இன்னும் சாட்சி.

இணைய வெளியீடு இதற்கு நேர்மாறு. பத்து விநாடி முன்னே தள்ள ஒரு பொத்தான், வேகத்தைக் கூட்ட ஒரு பொத்தான். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் படம் சுருங்கி, அடுத்து இதைப் பாருங்கள் என்று இன்னொன்று வந்து நிற்கும். நண்பகல் உறக்கத்திலிருந்து மெல்ல விழிக்க வேண்டியவரை உலுக்கி எழுப்புவது போன்றது அது. இயக்குநர் விளக்கவுரை, படப்பிடிப்புக் காட்சிகள் போன்ற இணைப்புகளைச் சேர்த்துத் தரும் வழக்கமும் இணையத் தளங்களில் மிகக் குறைவு.

ஐந்தாவது, நிலைத்திருத்தல். வட்டு வாங்கியவர் அலமாரியில் அது இருக்கும். இணையத்தில் இருப்பது உரிமம் உள்ளவரைதான். அஞ்சலில் டிவிடி அனுப்பியே வளர்ந்த நெட்பிளிக்ஸ், அந்தச் சேவையை 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. பாட்டியோடு பார்த்த படத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட நினைக்கும் நாளில் அது அங்கே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. இத்தகைய படம் ஒரு நல்ல வட்டிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பழமைவாதம் ஆகாது.

தீர்ப்பு என்ன?

காட்சித் தெளிவுக்கு நல்ல மதிப்பெண். ஒலிக்கு நல்ல மதிப்பெண், கேட்கும் கருவி இடம் தந்தால். மொழியைக் காட்டும் விதத்தில் குறை. இணைப்புகளில் வெறுமை. நிலைத்திருப்பதில் ஐயம். மொத்தத்தில், வீட்டில் பார்க்கத் தக்க படம், அரைகுறையாகப் பார்க்கத் தகாத படம்.

எனவே நேயர்களே, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இந்தப் படத்துக்கு ஒரே அமர்வை ஒதுக்குங்கள். மூல ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மலையாளம் புரியாத இடத்தில் துணையெழுத்து வேண்டியதுதான், தமிழ் வந்ததும் கண்ணைக் கீழிருந்து மேலே தூக்குங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பின்னணியில் ஒலிக்கும் பழைய பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்று உங்களை விட விரைவாகச் சொல்பவர் அவராகத்தான் இருப்பார். அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.