'ஃபெட்டில்' என்னும் சொல்



இரயில்வேயில் எழுத்தராகிய எனக்குச் சொல்லாராய்ச்சி தொழிலன்று. ஆயினும் ஒரு சொல்லின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது.

வட இங்கிலாந்தில் 'ஃபெட்டில்' என்பதொரு நாட்டுப்புற வழக்கு. பழைய ஆங்கிலத்தில் கச்சையைக் குறித்த 'ஃபெட்டெல்' என்பதே இதன் வேர் என்பர். கச்சை கட்டுதல் ஆயத்தமாதலாயிற்று. பின்னர்ச் செப்பனிடுதல், துப்புரவு செய்தல் எனப் பொருள் விரிந்தது. நாமும் முனைந்து தொழில் புரிவோரை 'வரிந்து கட்டிக்கொண்டார்' என்கின்றோம் அன்றோ? வார்ப்பிரும்பின் பிசிறு களைவதும் ஃபெட்டிலே. மண்கலத்தின் விளிம்பைச் சீர்செய்வதும் அதுவே. ஆஸ்திரேலியாவிலோ, இருப்புப்பாதையைச் செப்பனிடும் தொழிலாளியை 'ஃபெட்லர்' என அழைத்தனர். நம் காங்மேன்தான் அவர்!

இத்தகைய சொற்களைத் திரட்டிய ஜோசப் ரைட் 1855இல் யார்க்ஷயரில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஆலைக்குச் சென்றவர். ஏறத்தாழப் பதினைந்து வயதுவரை எழுத்தறியாதவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். அவர்தம் ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஆலைத் தொழிலாளர் பேச்சை அவர் இழிவென்று எண்ணினாரில்லை.

யானோ எண்ணினேன். என் தந்தையார் காங்மேன். பள்ளியிற் பயின்ற செருக்கால் அவர் பேச்சைக் கொச்சையென்று நகைத்தேன். இன்று அவர் இலர். அவர் சொற்களுட் பலவற்றை நினைவுகூரவும் இயலவில்லை.

அன்பர்களே! தாயகம் விட்டு வந்த நம் இல்லங்களில் முதியோர் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர். அவர்தம் சொற்களை இன்றே எழுதி வைப்பீர்களாக என வேண்டி அமைகின்றேன்.