செவிலியர் கையில் கைபேசி

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"செவிலியர் பணியில் சமூக ஊடகம்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னபோது, "ஏம்மா, இதுக்கு நான்தானா கெடைச்சேன்?" என்று கேட்டேன். பிறகு யோசித்தேன். இந்த விஷயத்தில் ஒரு தப்பைச் செய்து, பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் ஹாஸ்டலுக்கே ஒரு போன்தான். அதுவும் வார்டன் அறையில் பூட்டுப் போட்டு இருக்கும். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போனோம். 2014-ல் எங்கள் பேட்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தபோது, தொலைந்துபோன அக்கா தங்கைகளைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. மஸ்கட்டில் ஒருத்தி, லண்டனில் ஒருத்தி, தர்மபுரி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருத்தி. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

2016 கடைசியில் என் வார்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். சர்க்கரை நோய். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். எத்தனை டிரெஸ்ஸிங் செய்தும் ஆறவில்லை. லண்டன் தோழி புண் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்றவள். அவளைக் கேட்கலாமே என்று ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அந்த அம்மாவின் முகம் இல்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் கிடந்த கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. பெயரும் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன.

தோழி நல்ல யோசனைதான் சொன்னாள். ஆனால் இன்னொருத்தி, பாடம் நடத்த உதவும் என்று தன் மாணவிகளுக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். அங்கிருந்து வேறொரு குழுவுக்குப் போனது. மூன்றாம் நாள் அந்த அம்மாவின் மகன் போனை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அவர் கத்தவில்லை.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க சிஸ்டர். ஆனா எங்கம்மா, எங்க முன்னாடி கூட சேலை விலகாம இருந்தவங்க" என்றார்.

நிர்வாகம் மெமோ கொடுத்தது. அது கூட எனக்கு வலிக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து டிரெஸ்ஸிங்குக்கு வேற சிஸ்டர் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அனுப்பிய படத்தை எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2017-ல்தான் வந்தது. வந்துதான் என்ன? பார்த்த கண்ணிலிருந்து அழிக்க முடியுமா? செய்தி போகும் வழியில் யாரும் படிக்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். வழி பூட்டியிருக்கிறது, போய்ச் சேரும் வீட்டின் கதவு திறந்து கிடக்கிறதே!

இதனால் போனைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது அதே குழுதான் எங்களைத் தாங்கியது. பாதுகாப்பு உடையை எந்த வரிசையில் கழற்றுவது என்று மஸ்கட் தோழி தானே செய்து காட்டிப் படம் அனுப்பினாள். அதில் நோயாளி யாரும் இல்லை. அவளும் அவள் கையுறையும்தான். எத்தனை பேருக்கு உதவியது தெரியுமா?

இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார். தீராத புற்றுநோய். 2013-ல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வருகிறவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். "வணக்கம், என் பெயர் இன்னது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என ட்விட்டரில் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். அது நாடு முழுக்கப் பரவியது. 2016-ல் அவர் காலமானார், பழக்கம் நிலைத்துவிட்டது. கருவி ஒன்றுதான், பிடிக்கிற கையில் இருக்கிறது.

தங்கைகளே, இப்போது நானும் ஒரு டியூட்டர். என் வகுப்பில் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நோயாளியின் உடம்பு, கேஸ் ஷீட், எக்ஸ்ரே எதுவும் உங்கள் சொந்தப் போனில் ஏறக் கூடாது. படம் தேவையென்றால் நோயாளியின் எழுத்துச் சம்மதத்தோடு, மருத்துவமனை ஏற்பாட்டில் எடுக்கட்டும். குழுவில் நோயைப் பற்றிக் கேளுங்கள்; நோயாளியைப் பற்றிப் பேசாதீர்கள். பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் "நேத்து லாரி மோதி வந்த பையன்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். ராத்திரி மருந்தளவில் சந்தேகமா? டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள், குழுவை அல்ல.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2010-ல் சில நர்சிங் மாணவிகள் நஞ்சுக்கொடியுடன் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கல்லூரி அவர்களை நீக்கியது. ஒரு மாணவி வழக்குப் போட, 2011-ல் அவரைத் திரும்பச் சேர்க்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பு நடந்த பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்புவது சுலபம். முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை.

விளக்கேற்றும் விழாவில் நாம் எல்லாரும் எடுத்த உறுதிமொழி 1893-ல் எழுதப்பட்டது. நோயாளி நம்மை நம்பிச் சொன்னதை வெளியே விடமாட்டோம் என்று அதிலேயே இருக்கிறது. கைபேசி வந்ததால் அது மாறவில்லை. படத்தை அனுப்பப் போகும் நேரத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முகத்தை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.