இரண்டு பேரேடும் ஒத்துப்போக வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலம் கட்டும் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. கணக்கு சரிபார்க்கத் தெரியும். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

பக்கத்து ரயில்வே மேம்பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சியாகிவிட்டோம். "விழுவதற்கு முன்னால் இடிக்கட்டும்" என்று ஒரு கட்சி. "அதுவரை பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவது?" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல, மும்பையில் அந்தேரி கோகலே பாலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அந்தேரி கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதைக்கு மேலாக இணைக்கிற பாலம் அது. 2018 ஜூலை 3 காலையில், நல்ல மழையில், அதன் நடைபாதைப் பகுதி பெயர்ந்து தண்டவாளத்தில் விழுந்தது. காயம்பட்டவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை. உடனே எழுந்த விவாதம், பாலத்தைப் பராமரிக்க வேண்டியது ரயில்வேயா, மாநகராட்சியா என்பது. தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் பகுதி ஒருவர் பொறுப்பு, இரண்டு பக்கச் சரிவுப் பாதை இன்னொருவர் பொறுப்பு. நடுவில் போகிற ஜனங்கள் யார் பொறுப்பு என்றுதான் தெரியவில்லை.

2022 நவம்பர் 7 அன்று பாலம் பாதுகாப்பாக இல்லை என்று முழுக்க மூடினார்கள். நம் குழுவில் இப்போது நடக்கிற சண்டை அங்கே அன்றைக்கு நடந்தது. மாற்று வழியாகச் சொன்னவற்றில் ஒன்று அந்தேரி சப்வே. மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்கிற இடங்களில் அதுவும் ஒன்று. கூப்பர் ஆஸ்பத்திரி மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. கிழக்கே இருக்கிற நோயாளியைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பழைய பாலத்தை யார் இடிப்பது என்பதிலேயே ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் இழுபறி. பிறகு புதிய கர்டருக்கான இரும்புப் பாகங்கள் ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வரவேண்டியிருந்தது. அங்கே வெள்ளம் வந்து அதுவும் தாமதம். சொன்ன தேதிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின.

ஒருவழியாக 2024 பிப்ரவரி 26 அன்று ஒரு பக்கப் பாதையைத் திறந்தார்கள். அன்றைக்கு வெளிவந்த படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோகலே பாலத்தோடு முன்பு இணைந்திருந்த பர்ஃபிவாலா மேம்பாலம் கீழே நிற்கிறது, புதிய பாலம் மேலே நிற்கிறது. நடுவில் ஒன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி போக வழியில்லை.

நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வங்கி ஞாபகம்தான் வந்தது. ஒரு கிளையில் பற்று எழுதுவார்கள், இன்னொரு கிளையில் வரவு எழுதுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரேடும் சுத்தமாக இருக்கும். ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் டேலி ஆகாது. அங்கேயும் அதுதான். தண்டவாளத்துக்கு மேலே விட வேண்டிய இடைவெளியை ரயில்வே விதிகள் கூட்டியிருந்தன. புதிய பாலம் அந்த விதிப்படி உயர்ந்தது. பழைய மேம்பாலம் பழைய கணக்குப்படி அப்படியே இருந்தது. தனித்தனியாக இரண்டும் சரி. சேருமிடத்தில் தப்பு.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி நிபுணர்களிடம் யோசனை கேட்டார்கள். பர்ஃபிவாலா மேம்பாலத்தை இடிக்காமல், ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து அதன் ஒரு பக்கத்தை 1,397 மில்லிமீட்டரும் மறுபக்கத்தை 650 மில்லிமீட்டரும் தூக்கி நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் இரண்டு பாலமும் சேர்ந்தன. முழுப் பாலமும் திறந்தது 2025 மே 11 அன்று. மூடியதிலிருந்து இரண்டரை வருடம்.

அதற்காக இடிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாமா? அதற்கும் மும்பையிலேயே உதாரணம் இருக்கிறது. தாராவி, மாட்டுங்கா தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த சயான் பாலம், 1912-ல் கட்டியது. 2024 ஜனவரியில் மூடுவதாக இருந்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், தள்ளிவைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள், தள்ளிவைத்தார்கள். தேர்தல் வந்தது, அப்போதும் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்ட் 1 அன்றுதான் மூடினார்கள். பரீட்சை நியாயமான காரணம்தான். ஆனால் மாற்ற வேண்டியது என்று நிபுணர்கள் சொன்ன பாலத்தின் மேல் அந்தப் பிள்ளைகளும்தானே அத்தனை மாதமும் போய்வந்தார்கள்?

ஆகவே இடிப்பதா வேண்டாமா என்பது நாம் வாக்கெடுத்து முடிவு செய்கிற விஷயம் அல்ல. அதைப் பொறியாளரின் அறிக்கை சொல்லட்டும். நாம் கேட்க வேண்டியது மூன்று கேள்வி.

முதலாவது, புதிய பாலம் எவ்வளவு உயரம், அது எங்கே போய்த் தரையைத் தொடும்? இதில் நம் வீட்டு வாசலே அடங்கியிருக்கிறது. 30 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் ஒன்றரை மீட்டர் உயர்ந்தால் சரிவுப் பாதை ஒவ்வொரு பக்கமும் 45 மீட்டர் நீளும். நம் கேட்டிலிருந்து 45 மீட்டர் நடந்து பாருங்கள், எங்கே நிற்பீர்கள் என்று தெரியும். காய்கறிக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, நம் கேட் எல்லாமே அந்தச் சரிவுக்குள் வரலாம். கட்டின பிறகு ஜாக்கி வைத்து நம் கேட்டைத் தூக்க முடியாது.

இரண்டாவது, மூடுகிற நாளிலிருந்து நடந்து போகிறவர்களுக்கு என்ன வழி? கார்க்காரர் சுற்றிப் போவார், பெட்ரோல் செலவு அவ்வளவுதான். நம் குடியிருப்பில் வேலைக்கு வரும் பெண்களில் பலர் அந்தப் பாலத்தில் நடந்துதான் வருகிறார்கள். தற்காலிக நடைபாதை, ஆம்புலன்ஸ் வழி இரண்டும் மூடுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ரயில்வே பகுதி எப்போது முடியும், சரிவுப் பாதை எப்போது முடியும் என்று இரண்டு தேதியும் ஒரே தாளில், இரண்டு தரப்புக் கையெழுத்தோடு இருக்கிறதா? ஒன்று முடிந்து இன்னொன்று முடியாவிட்டால் அந்தரத்தில் நிற்கிற பாலம்தான் மிஞ்சும்.

இந்த மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் ஒரு வரைபடத்திலும் அதை ஒட்டிய கடிதங்களிலும் இருக்கும். ரயில்வே மேம்பாலம் என்றால் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் டிராயிங் என்று ஒன்று போட்டு, ரயில்வேயின் ஒப்புதல் வாங்க வேண்டும். உயரம், சரிவு, நீளம் எல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சங்கத்தின் பெயரில் கேட்டால் தட்டிக்கழிக்க இடமுண்டு. ஒருவர் சொந்தப் பெயரில் கேட்பது நல்லது. என் பெயரில் நானே போடுகிறேன். வரைபடம் வந்ததும் படித்துச் சொல்ல நம்மிலே சிவில் இன்ஜினியர் இருவர் இருக்கிறார்கள். ஏ பிளாக்கிலிருந்து ஒருவரும் பி பிளாக்கிலிருந்து ஒருவரும் டேப் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தால், நம் கேட்டிலிருந்து பாலத்தின் அடிவாரம் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்துவிடலாம்.

குழுவில் சண்டை போடுவது பிறகும் போடலாம். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது ஒரு கோட்டை அழித்துப் போட ரப்பர் போதும்.