பெயர் எழுதப்படாத இருவர்

(வானொலி மறையுரை)



மார்கழி விடியலில் வீராணம் ஏரிக்கரையில் நின்றிருக்கிறீர்களா? பனி இறங்கும் நேரத்தில் எதிர்க்கரை தெரியாது. 10ஆம் நூற்றாண்டில் சோழ இளவரசர் இராஜாதித்தன் வெட்டிய ஏரி அது.  கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீரும், வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து மட்டம் 47.5 அடியைத் தொட்டால் ஏரி நிறைந்துவிட்டது என்பார்கள். அப்படி நிறைந்திருந்த ஒரு மார்கழியில், விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக நாங்கள் அங்கே போனோம். நாங்கள் என்றால் பங்குக்குருவும் உபதேசியாரும். எங்களை அழைத்துப் போனவர் எங்கள் நண்பர்.

நண்பர் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பவர். களிமண் கூழை அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் அடுக்குகிறவர். அந்த ஆண்டு புரட்டாசியில் அவருடைய மனைவி இறந்துபோனார். அடக்கத் திருப்பலியில் நாங்கள் நிறையப் பேசினோம். கடவுளின் திட்டம் என்றோம், விண்ணக வாழ்வு என்றோம், தைரியமாக இருங்கள் என்றோம். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கல்லறைத் திருநாளன்றுகூட கல்லறைக்கு வந்தார், மெழுகுவத்தி ஏற்றினார், மந்திரிப்பு தொடங்குமுன் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மறுபடியும் பேசினோம். மூன்றாவது முறை போனபோது, நாங்கள் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "சாமி, நாளைக்கு நான் மீன் பிடிக்கப் போறேன்." எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நாங்களும் வர்றோம்" என்றோம்.

நேயர்களே, வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இதே உரையாடல் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த பேதுரு, மனம் நொந்துபோய், மீன் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார். உடனிருந்தவர்கள் அவருக்கு ஆறுதல் கூறவில்லை. நீ செய்தது தவறு என்றும் சொல்லவில்லை. தாங்களும் வருவதாகச் சொல்லிப் படகில் ஏறுகிறார்கள். அவ்வளவுதான்.

வீராணத்தில் உரிமம் பெற்ற மீனவப் பெரியவர் ஒருவர் தம் சிறு படகைக் கொடுத்தார். அன்று நாங்கள் வலை வீசவில்லை. படகு நகர நகர, தூண்டில் கயிறு பின்னால் நீளமாக இழுபட்டு வர வேண்டும். அமெரிக்கா, கனடா நாடுகளின் பெரிய ஏரிகளில் குளிர்காலத்திலும் இப்படிப் பிடிப்பார்கள். அங்கே இதற்கு டிரோலிங் என்று பெயர். நகரும் இரையைத்தான் விரால் துரத்தும். பெரியவர் எங்களிடம் சொன்னார்: "வேகமா வலிச்சா மீன் கடிக்காது. நின்னுட்டா தூண்டில் அடியில போயி பாசியில மாட்டிக்கும். மெதுவா, நிக்காம வலிங்க சாமி."

கயிறு பிடிப்பவர் துடுப்பு போட முடியாது. துடுப்பு போடுகிறவர் கயிறு பிடிக்க முடியாது. அதனால் நண்பர் பின்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார். நாங்கள் முன்னால், ஆளுக்கொரு பக்கம் துடுப்பு வலித்தோம். எங்கள் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. எங்களுக்கு அது எளிதாக இல்லை. வாய் வரைக்கும் வந்த மறையுரைகளை விழுங்கிக்கொண்டு வலித்தோம். பிறகு, எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவர் பேசத் தொடங்கினார். மனைவிக்கு விரால் மீன் குழம்பு பிடிக்கும் என்றார். கடைசி நாட்களில் கேட்டார் என்றும், பட்டறையில் வேலை இருந்ததால் நாளைக்கு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அந்த நாளை வரவில்லை. அழுதார். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பை நிறுத்தவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "சூளை ஆறுறதுக்கு முன்னாடி கதவைத் திறந்தா, உள்ள இருக்கிறதெல்லாம் விரிஞ்சு போயிடும் சாமி. நீங்க அன்னைக்கே திறந்துட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குச் சுட்டது. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. கரையில் பெரியவர் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, கருப்பட்டிக் காப்பி வைத்திருந்தார். குளிரில் விறைத்த கைகளைக் காய்ச்சிக்கொண்டு குடித்தோம். திபேரியக் கடற்கரையில் இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாமல் இருந்தவர்களுக்காக, ஆண்டவரும் கரியில் தீ மூட்டி அப்பமும் மீனும் வைத்துக் காத்திருந்தார். முதலில் உணவு கொடுத்தார். பேதுருவிடம் தம்மை அன்பு செய்கிறாயா என்று கேட்டது, சாப்பிட்டு முடிந்த பிறகுதான். அந்த வரிசையை நாங்கள் மாற்றிவிட்டிருந்தோம்.

அடுத்த ஞாயிறு நண்பர் பூசைக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் மறுபடியும் ஏரிக்குப் போனோம். மூன்றாம் முறை ஒரு விரால் கிடைத்தது. அதைப் பெரியவர் வீட்டிலேயே குழம்பு வைத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, அவர் கோயிலின் கடைசி வரிசையில் நின்றிருந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

அன்பர்களே, அன்று பேதுருவோடு படகில் ஏறியவர்களை நற்செய்தியாளர் வரிசைப்படுத்துகிறார். தோமா, கானாவூர் நத்தனியேல், செபதேயுவின் மக்கள். கடைசியாக, இன்னும் இரண்டு சீடர்கள் என்று மட்டும் சொல்கிறார். அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கூடப் போனார்கள், வலையை இழுத்தார்கள், தீயின் அருகே அமர்ந்து சாப்பிட்டார்கள். அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

உங்கள் தெருவில் துக்கம் ஆறாத வீடு ஒன்று இருக்கும். இந்த வாரம் அங்கே போங்கள். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் சந்தைக்குப் போனால் பையைத் தூக்குங்கள். வயலுக்குப் போனால் வரப்பில் கூட நடங்கள். வேகம் வேண்டாம். நிற்கவும் வேண்டாம். பேச வேண்டிய நேரத்தை அவர்களே சொல்வார்கள்.

செபிப்போம். ஆண்டவரே, நாங்கள் வெறுங்கையோடு கரை சேர்ந்தபோதும் எங்களுக்காகத் தீ மூட்டிக் காத்திருப்பவரே, துன்புறுவோரின் படகில் ஏற எங்களுக்குத் துணிவையும், பேசாமல் துடுப்பு வலிக்கப் பொறுமையையும் தாரும். ஆமென்.