மெம்பர் கையிலிருக்கும் 176

(இராசிபுரம் கூட்டத்தில் பேசியது)



ஜனாதிபதி தேர்தலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னவுடன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "அது டில்லி சமாசாரமுங்க, நமக்கென்ன?" என்றார். அவரைக் குற்றஞ் சொல்லமாட்டேன். சாமி காரியத்தைப் பூசாரி பார்த்துக் கொள்ளுவான், சர்க்கார் காரியத்தை மெம்பர் பார்த்துக் கொள்ளுவார் என்று இருந்தே பழகிவிட்டோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜனாதிபதியை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பார்லிமெண்டு மெம்பர்களும் சட்டசபை மெம்பர்களுந்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ம் வருஷத் தேர்தலில் நம் சட்டசபை மெம்பர் ஒருவர் போட்ட ஓட்டின் மதிப்பு 176. இது அவர் பாட்டன் சொத்தா? 1971-ம் வருஷத்தில் எண்ணிய நம் ஜனத்தொகை 4 கோடியே 11 லட்சத்துச் சொச்சம். அதை 234 மெம்பர்களுக்குப் பங்கிட்டு, ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். அதாவது நம் தலைகளை எண்ணி அவர் கையில் கொடுத்திருக்கிறது.

அந்த 2022 ஜூலை 18-ந் தேதி நடந்ததென்ன? நம் சட்டசபையில் யஷ்வந்த் சின்ஹாவுக்கு 158 பேர், திரௌபதி முர்மு அம்மையாருக்கு 75 பேர். ஒன்று செல்லாத ஓட்டு! சீட்டிலே பெயருக்கு எதிரே 1 என்று போடவேண்டியதுதான் வேலை. நாற்று நடுகிற நம் தாய்மார்கள் பிசகில்லாமல் ஓட்டுப் போடுகிறார்கள். அந்த ஒரு சீட்டோடு 1,76,000 தலைகள் கணக்கிலிருந்து போயின. முடிவில் இந்தியா முழுவதும் எண்ணி முர்மு அம்மையார் ஜெயித்தார்.

நம் பக்கம் வாருங்கள். சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவிலும் 17 மெம்பர்கள். அதில் 12 பேர் முர்முவை ஆதரித்த கட்சிக்காரர்கள், 5 பேர் சின்ஹாவை ஆதரித்த பக்கம். ராஜ்யம் ஒரு திக்கென்றால் நாம் மறுதிக்கு! அது கிடக்கட்டும். தமிழ்நாட்டில் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் நம்முடையவை. பழங்குடியில் பிறந்த ஒருவர் ஜனாதிபதியானது அதுதான் முதல் தடவை. ஏற்காட்டு மெம்பரின் கட்சியான அ.தி.மு.க. முர்முவுக்கென்றது. சேந்தமங்கலத்து மெம்பரின் கட்சியான தி.மு.க. சின்ஹாவுக்கென்றது. பிறப்பைப் பார்த்து ஓட்டுப் போடவேண்டுமென்று சொல்ல நான் வரவில்லை. அதைக் கண்டித்துத்தான் ஊர் ஊராய்த் திரிகிறேன். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இருக்கிற ஜனங்களைக் கூட்டிவைத்து, "யாருக்குப் போடட்டும்?" என்று கேட்டார்களா? கேட்டதைப் பார்த்தவர்கள் இங்கிருந்தால் கை தூக்குங்கள்.

கட்சி சொன்னால் மெம்பர் என்ன செய்வாரென்பீர்கள். இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது. கட்சிக்கு மாறாகப் போட்டாலும் மெம்பர் பதவி போகாது. 1969-ல் காங்கிரஸ் நிறுத்தியவர் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனச்சாட்சிப்படி போடுங்களென்றார். வி.வி.கிரி 4,20,077-ம் ரெட்டி 4,05,427-ம் பெற்று, கிரி ஜெயித்தார். 14,650தான் வித்தியாசம்! அப்போது தி.மு.க.வும் கிரி பக்கம் நின்றது. நம் ஓட்டு சில்லறையென்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

ஆகவே, மெம்பர் உங்கள் தெருவுக்கு வரும்போது இந்த 176-ஐக் கேளுங்கள். "ரகசிய ஓட்டு" என்று சொல்லித் தப்பப் பார்ப்பார். யாருக்குப் போட்டீர்களென்று கேட்கவேண்டாம். போடுமுன் எங்களை ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். மாலை போட்டுவிட்டுக் கேட்டாலுஞ் சரி, போடாமல் கேட்டாலுஞ் சரி.