மலைமேல் வாழும் ஒரு சிற்றுயிர்

(சிறுவாச்சூரில் நடைபெற்ற விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொல்லாமை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அது குறித்து உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஆகவே ஒரே ஓர் உயிரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது பல்லி. முன்வரிசைச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

இவ்வூருக்கு மேற்கே பச்சைமலை. துறையூரைக் கடந்து அப்பால் சென்றால் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே சென்றோர் நம்மில் பலர் உண்டு. அம்மலையில் வாழும் ஒரு மெல்லிய பல்லி, 2019ஆம் ஆண்டில்தான் தனி இனம் என அறியப்பட்டு, மலையின் பெயராலேயே 'கொல்லியென்சிஸ்' எனப் பெயர் பெற்றது. மூக்கு நுனி முதல் வாலின் அடிவரை அளந்தால் நான்கு சென்டிமீட்டர்கூட இராது. பகலில் ஒடுங்கியிருந்து இரவில் வெளிவருவது. இமையற்றது, தன் கண்ணைத் தன் நாவினாலேயே துடைத்துக்கொள்வது.

இதன் வரலாறு 1870இல் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தின் வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் என்னும் ஆங்கிலேயர், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் இவ்வகைப் பல்லியைக் கண்டு எழுதிவைத்தார். அதன்பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், தென்னாட்டு மலைகளில் காணப்பட்ட இவ்வகைப் பல்லிகள் யாவும் அந்த ஒரே இனம் என்றே கருதப்பட்டன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். மரபணுவை ஒப்புநோக்கிய பின்னரே, தீபகற்பத்தின் மலைகளில் ஏறக்குறைய பன்னிரண்டு இனங்கள் இருப்பது தெரிந்தது. கொல்லிமலைப் பல்லி வேறு. ஏற்காட்டுப் பல்லி வேறு.

அதே ஆய்வில் பெங்களூரின் பல்லி ஒன்றுக்கு 'ஞானம்' என்னும் வடமொழிச் சொல்லையே பெயராக வைத்தனர். அங்குள்ள புகழ்பெற்ற கல்வி நிலையங்களின் வளாகங்களில் அது வாழ்வதே காரணம். மும்மணிகளுள் ஒன்றின் பெயரை ஒரு பல்லி தாங்குகிறது என்றறிந்தபோது நான் சற்று நேரம் மகிழ்ந்திருந்தேன்.

ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி இனம் ஏன்? கடலில் தீவு இருப்பதுபோல, வெப்பம் மிக்க சமவெளியின் நடுவே குளிர்ந்த மலையுச்சி இருக்கிறது. மேலே பழகிய சிற்றுயிர் கீழே இறங்கி, நம் பெரம்பலூர்க் கரிசலின் கோடை வெயிலைக் கடந்து, அடுத்த மலையில் ஏறுவது இயலாது. பல இலட்சம் ஆண்டுகள் இவ்வாறு பிரிந்திருந்தவை வேறு வேறு இனங்களாயின. ஆகவே ஒரு மலையில் அழிந்தால், அவ்வினத்தைக் கொணர்ந்து வாழவைக்க வேறு மலை இல்லை.

அழிவு எவ்வாறு வரும்? சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அலுமினியத்துக்கான பாக்சைட் தாது வெட்டப்பட்டது. அத்தாது மலையின் ஆழத்தில் இருப்பதன்று. உச்சியின் மேற்பரப்பிலேயே படிந்திருப்பது. அதை எடுப்பதென்றால் உச்சியையே சீவ வேண்டும். புவி வெப்பம் உயர்ந்தாலும் இதே இடர்தான்: கீழே வாழ்வது மேலே ஏறலாம், உச்சியில் வாழ்வது எங்கே ஏறும்? அலுமினியப் பாத்திரம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. என் வீட்டிலும் உண்டு.

பல்லி ஐந்து புலன்களும் உடைய உயிர். ஜராயுஜம், அண்டஜம், போதம் என நம் நூல்கள் கூறும் கருப்பிறப்புகளுள் முட்டையிற் பிறக்கும் அண்டஜம். இதை அறிந்த நம் இல்லங்களிலும் 'பல்லி விஷம்' என்று துடைப்பத்தை எடுப்போர் இருக்கிறார்கள். தாய்மார்கள் பொறுத்தருள்க. நம் நாட்டுப் பல்லி எதற்கும் விஷம் இல்லை. பல்லி விழுந்த உணவை உண்ணலாகாது என்பது சரியே. அது கிருமிகளால் வரும் கேடு, பல்லியின் நஞ்சன்று. பாத்திரத்தை மூடிவைத்தால் உணவுக்கும் நன்று, பல்லிக்கும் நன்று.

விடுமுறையில் கொல்லிமலை செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆவல் எழும். எழுந்தால், பார்த்த பின் இருந்தவாறே மெல்லத் திருப்பி வையுங்கள். பல்லி ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டைகள்தாம் இடும். அவை அக்கல்லின் அடியில் இருக்கக்கூடும்.