குகைவாயிலில் ஓர் அந்தி

சத்தியமங்கலத்தில் பவானிக் கரையோரம் மாலை வேளையில் உலாவுகிறவர்கள், அத்திமரங்களை நாடிப் பறக்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களைக் கண்டு பழகியிருப்பார்கள். அவை பகலெல்லாம் கிளையில் தொங்கி வெயிலை அனுபவிப்பவை; பொழுது சாய்ந்ததை அவற்றுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. சூரியனையே காணாத குகையிருட்டில் கிடக்கும் சிறு வௌவாலுக்கு அந்திநேரம் எவ்வாறு தெரிகிறது என்பதே ஆச்சரியம். அதைக் காண மதுரைக்குப் போக வேண்டும்; சத்தியமங்கலத்துக்கு ரயில் ஏது? பஸ்ஸில் ஈரோடு சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் கரூர், திண்டுக்கல் கடந்து மதுரையில் இறங்கி, தேனி சாலையில் நாகமலைப் பக்கம் சென்றால், மொட்டைப் பாறைக் குன்றுகளும் அவற்றின் இடுக்குகளில் குகைகளும் தென்படும்.

அஸ்தமனத்துக்கு முன்பே குகைவாயிலுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி அமர்வது உத்தமம். உள்ளிருந்து வீசும் எச்ச நாற்றம் அப்படிப்பட்டது. முதலில் ஒரு வௌவால் வெளிப்பட்டு, வாயிலருகே வட்டமடித்து, வெளிச்சம் இன்னும் மிகுதி என்று கண்டாற்போல் உள்ளே திரும்பிவிடும். பிறகு இரண்டு, பிறகு நாலைந்து. இப்படிப் பலமுறை சோதித்து மீண்டபின், கூட்டம் முழுவதும் பிரவாகமாகப் புறப்படுகையில், முகத்தில் சிறகுக்காற்றுப் படுமே தவிர, ஒன்றுகூட நம்மீது மோதாது. பத்துக் கிராம் அளவே எடையும் இலைபோல் மடிந்த மூக்கும் உடைய இந்த ஜந்துக்கள், விநாடிக்கு லட்சம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மூக்கின் வழியே எழுப்பி, எதிரொலியால் வழி காண்கின்றன. இருபதாயிரத்தோடு நின்றுவிடும் நம் செவிக்கு அத்தனை ஆரவாரமும் நிசப்தமே.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்து முதலிய அவருடைய சகாக்களும், வெளிச்சம் எட்டாத குகையாழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டு அதன் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். சுற்றிலும் இனத்தார் குடியிருந்து, மாலையில் போவதும் விடியலில் திரும்புவதுமாக இருந்தவரை, வானத்தையே காணாத கைதியும் அவற்றின் நேரப்படியே விழித்தது. வேறு வௌவாலே இல்லாத குகையில் அடைத்தபோதோ, அதன் உடற்கடிகாரம் நாளுக்கு நாள் பிசகிக்கொண்டே போயிற்று. 1981-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. டெக்சாஸில் பிராக்கன் குகையிலிருந்து கோடிக்கு மேற்பட்ட வௌவால்கள் கிளம்பும் பிரமாண்டத்தைப் பார்க்கக் கடல் கடந்து போகிறவர்கள் போகட்டும். எனக்கு இந்தக் கூண்டுக் கைதியின் கதையே பெரிது.

போகிற நேயர்கள் குகைக்குள் டார்ச் விளக்கை அடிக்க வேண்டாம். குட்டி சுமக்கும் தாய்கள் கலைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும்; மற்ற மாதங்களில் ஐந்து மணிக்கே ஏறி, இறங்கும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.